அண்ணன்கள் நிறைந்த துறை

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மகள் வீட்டில் வசதியாக இருப்பதாகவும், பக்கத்திலேயே இருக்கும் ஆய்வு நிறுவனம் உங்களைக் கௌரவப் பேராசிரியராக அமர்த்தியிருப்பதாகவும் சென்ற முறை எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கிற ஆள் நீங்கள் இல்லை.

'மேடம்' என்று எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் துறையில் அந்தச் சொல்லை ஒழித்து மூன்று வருடமாகிறது. சார், மேடம் இரண்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சில் என்று துறைத் தலைவர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். அன்று முதல் எல்லாரும் எல்லாரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவர் பெரியண்ணன். நான் பெரியக்கா. சட்ட வகுப்பு எடுக்க வந்துபோகிறவர் மாமா. ஆராய்ச்சி மாணவர்கள் தம்பிகள், மாணவிகள் தங்கச்சிகள். அவர்களில் இளையவளுக்குக் கடைக்குட்டி என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில்தான் பார்க்க முடியும். நீங்கள் அம்மா. துறைக்கே அம்மா.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "அப்ப சம்பளம் கேட்டா, 'வீட்டுக்குள்ள என்னடா கணக்கு'ன்னு சொல்லிடுவாங்க, பாத்துக்க" என்றார். அவர் சொன்ன கிண்டல் பாதி பலித்துவிட்டது. நமக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவரை நினைவிருக்கும், எப்போதும் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவாரே, அவரை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தில் கூலிக்கு ஆள் எதற்கு, அதுவும் காலனிய மிச்சம்தானே என்று விளக்கம். இப்போது தங்கச்சிகள் தேநீர் போடுகிறார்கள். தங்கச்சிகளே கோப்பை கழுவுகிறார்கள். தம்பிகள் யாரும் கழுவி நான் பார்க்கவில்லை. வாசலுக்கு அருகில் இருக்கும் தொட்டியில் எப்போதும் நாலைந்து கோப்பைகள் கிடக்கும். பிசுபிசுத்த விளிம்புகளில் ஈ மொய்க்கும். அதைத் தாண்டித்தான் துறைக்குள் போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன்.

இதையெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் படித்தவர்களில் உங்களை அதிகம் புகழாதவள் நான். நீங்கள் சொன்ன எதையும் உடனே ஒப்புக்கொண்டதில்லை. "நீ ஒரு சந்தேகப் பிராணி, உனக்கு ரெண்டு தடவை சொல்லணும்" என்பீர்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பெரிய தத்துவம் எதைக் கேட்டாலும், இதை வைத்துக்கொண்டு நாளை யார் என்ன வேலை வாங்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். உங்களுடைய நூலையும் அப்படித்தான் படித்தேன். அது என் சந்தேகத்துக்கு நின்று பதில் சொன்னது.

அடித்தள ஆவண அறையில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் பழைய நீதிமன்ற வாக்குமூலங்களை வாசித்துக் காட்டிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. தோணித்துறைக்காரியின் வழக்கு அங்கேதான் கிடைத்தது. அந்தப் பெண் தம்பிகளுக்கு அக்காவாக, துடுப்புப் போடுகிறவர்களுக்கு அத்தையாக, ஆற்றங்கரையில் பாதிப் பேருக்குத் தோணி கொடுத்தவளாக நீதிமன்றத்துக்குள் போனாள். வெள்ளைக்கார நீதிபதி கேட்ட முதல் கேள்வி, நீ யாருடைய மனைவி என்பது. அதற்கு அவள் சொன்ன பதிலுக்குப் பிறகு அவளைப் பற்றி வேறு எதுவும் எழுதப்படவில்லை. வழக்கு முடியும்போது தோணித்துறை அவள் புருஷனுக்குப் போயிருந்தது. தண்ணீரைக் கண்டாலே தலைசுற்றும் ஆள் அவர்.

இப்படி எத்தனையோ வாக்குமூலங்களைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் சொன்னீர்கள்: அந்நிய ஆட்சி நிலத்தை மட்டும் எடுக்கவில்லை, ஒரு பெண் நின்றிருந்த பல உறவுகளையும் எடுத்துக்கொண்டு மனைவி என்ற ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தது, நம் ஆண்கள் அந்த ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, தொன்றுதொட்டு நம் வழக்கமே இதுதான் என்று சொல்லத் தொடங்கினார்கள். அதைப் படித்த பிறகு 'நம் மரபு' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் நாக்குக் குழறியது. எல்லா நாட்டுப் பெண்ணும் ஒரே பெண், அவளை நாங்கள் கரையேற்றுகிறோம் என்று விமானமேறி வந்தவர்களுக்கும் குழறியது. எங்கெங்கிருந்தோ வந்து உங்களிடம் கற்றுக்கொண்டு போனார்கள்.

ஆனால் என்னை உங்கள் மாணவியாக்கியது அது இல்லை. அதே ஆவணக் கட்டுக்குள் இன்னொரு வாக்குமூலம் இருந்தது. தோணிக்காரியின் வீட்டில் கூலிக்கு இருந்த சிறுபெண் சொன்னது. ஒரு பக்கம்கூட வராது. ஊருக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு, 'அத்தை' தன்னைத் துடுப்பு வைக்கும் கொட்டகையில் வைத்துப் பூட்டியதாக அவள் சொல்லியிருந்தாள். நூலில் அதைச் சேர்த்தால் வாதம் கெட்டுப்போகும் என்று உங்கள் சகாக்கள் சொன்னார்கள். நீங்கள், "கெடட்டுமே, நான் என்ன வக்கீலா?" என்றீர்கள். உறவுகள் நிறைய இருந்தன என்று பூரித்துப்போகாதே, அந்த உறவுக்குள் யார் யாரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தது என்று கேள், சொன்ன பிறகும் அவளால் அங்கே இருக்க முடிந்ததா என்று கேள் என்று எழுதினீர்கள். அந்நியனையும் விடாமல் நம்மவரையும் விடாமல் பிடித்த கேள்வி அது. அதற்கு முன் இப்படி யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

இப்போது துறைச் சுவரில் உங்கள் வாக்கியத்தைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். "இங்கே பெண் என்று தனியாக ஒருத்தி இல்லை, உறவுகளே இருந்தன." அதற்கு அடுத்து நீங்கள் கேட்ட கேள்வி அங்கே இல்லை. இடம் போதவில்லையாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குட்டி புகார் கொடுத்திருக்கிறாள், பெரியண்ணன் மேல்.

குழுவில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. தெரிந்தே மீறுகிறேன். உங்களைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அவர்தான் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. ஆய்வின் இயல்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அறிவு நம்மிடம் வீட்டில்தான் கைமாறியது, மேசைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் உட்காருவதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று காரணம். மனைவி ஊரில் இல்லாத நாட்களில்தான் அறிவு அதிகம் கைமாறியிருக்கிறது. முதலில் தலையில் கை வைத்தார், பிறகு கழுத்தில். அவள் நகர்ந்து உட்கார்ந்தபோது, "அண்ணன் கைதானே" என்றார். அதற்கு மேல் அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் பேனாவைக் கழுவ வேண்டியிருக்கும். இனி வீட்டுக்கு வர மாட்டேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவளுடைய இயல்கள் கையெழுத்து ஆகாமல் அவர் மேசையில் கிடக்கின்றன. கையெழுத்து இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு அவள் பதிவு காலாவதியாகிவிடும். படிப்பு போய்விடும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நான், சட்ட மாமா, அப்புறம் தலைமைக்கு நம் பதாகை. உங்களுக்குத் தெரியும், எந்த ஊர்வலத்திலும் முதல் வரிசையில் பதாகை பிடித்துப் போவாளே, அவள்தான். ஊர்வலத்தில் அவளுடைய குரல் தெருக்கோடி வரை கேட்கும். குழுவில் பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்பதில்லை. "அம்மா பேர்ல மையம் திறக்கிற விழா முடியட்டுமே, இப்பப் போய் எதுக்கு?" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

விசாரணை என்ற சொல்லே ஆகாதாம். குடும்பக் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். மாமா அந்தப் பெண்ணிடம், "அண்ணன் தோள்ல கை வச்சா அதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அவள், "எனக்கு வீட்ல ஒரு அண்ணன் இருக்கான் சார். அண்ணன் கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"சார் இல்லம்மா, மாமான்னு கூப்பிடு."

"மாமாவும் இருக்காரு சார்."

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை; குறிப்பில் எழுதிக்கொண்டேன். அவள் வெளியே போனதும் மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு, ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும் என்றார். சட்டம் படித்தவர். அதைச் சொன்ன வாயாலேயே பிஸ்கட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மீசையில் துகள் ஒட்டியிருந்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் துறைத் தலைவர் வந்தார். கையில் உங்கள் நூல். வேதப் புத்தகத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். "பொண்ணுங்கிற அடையாளமே கப்பல்ல வந்து எறங்கினது. அதை வச்சு ஒரு புகார், அதுக்கு ஒரு குழு. இது அதே வெள்ளைக்காரன் கோர்ட்டுதானே? நம்மகிட்ட இருந்தது உறவு. தங்கச்சி அண்ணன் மேல மனு கொடுப்பாளா? கோபம் இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடுவா. இது நான் சொல்லல, அம்மா சொன்னது" என்றார். பேசும்போது கண் கலங்கியது. பதாகை தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

சாத்தான் வேதம் ஓதுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்டு ஓதியதை அன்றுதான் பார்த்தேன். உங்கள் நூலின் அந்தப் பிரதியில் மூன்றாம் இயல் முழுக்கப் பென்சில் கோடுகள். கூலிப்பெண் வருகிற இயலில் தாள்கள்கூடப் பிரிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்த மாதம் உங்கள் பெயரில் ஓர் ஆய்வு மையம் திறக்கிறார்கள். அவர்தான் இயக்குநர். புது வண்ணம் பூசி, உங்கள் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். விழாவுக்கு முன்பே குழுவின் அறிக்கையை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். அறிக்கையின் வரைவை மாமா எழுதியிருக்கிறார். அதில் உங்களை மேற்கோள் காட்டி, இந்தப் புகார் நம் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தாதது என்று முடித்திருக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இரண்டுக்கு ஒன்று என்றால் நான் போடாததால் ஒன்றும் ஆகிவிடாது.

உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள். என் நூலை இந்த வழக்கில் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், அப்படிக் கூப்பிடுவதாக இருந்தால் முழுதாகக் கூப்பிடுங்கள் என்று எழுதினால் போதும். உங்கள் பெயர் இல்லாமல் அந்த வரைவு ஒரு நாள் நிற்காது. அவர் உங்கள் செல்லப் பிள்ளை என்பது தெரியும். ஓய்வு பெறும் நாளில் உங்கள் சாவியை அவரிடம்தான் கொடுத்தீர்கள். அதனால் இது எளிதான காரியம் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. உங்கள் பழைய அறையில் இப்போது நகலெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மருந்துகளை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பதிலை எதிர்பார்த்திருக்கும்,

தங்கள் மாணவி


வெள்ளிக்கிழமை

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் எழுதி ஒன்றரை மாதமாகிறது. உங்கள் பதில் எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது.

குடும்பம் முழுக்க வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். அவர் கைப்பேசியை எடுத்து, நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் திரையில் காட்டினார். என் கையெழுத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். பிஸ்கட் துகள் பற்றி எழுதியிருந்ததை மாமாவுக்கு வாசித்துக் காட்டினார். பதாகையைப் பற்றி எழுதியிருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினார். கடைக்குட்டி எங்களிடம் மட்டும் சொன்னதை எல்லார் முன்னாலும் வாசித்தார். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தம்பிகளில் ஒருவன் காலணியைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு, "பெரியக்கா வீட்டு விஷயத்தை வெளிய எழுதிப் போட்டிருக்காங்க. நான் கோபப்படல. அவங்களும் நம்ம ரத்தம்தானே" என்றார். ரகசியத்தை மீறியதற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். விதிப்படி அது சரிதான். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இடம் தெரியாமல் எழுதினேன்.

அதற்கு அப்புறம் நீங்கள் அவருக்கு எழுதியதை வாசித்தார். தொலைபேசியில் குழந்தை மாதிரி அழுதான், முன்கோபியே தவிரக் கெட்டவன் இல்லை, அந்தப் பெண் சின்னப் பெண், எதையோ எப்படியோ புரிந்துகொண்டிருக்கலாம், குழு விசாரணை எல்லாம் அதே பழைய கோர்ட்டுக் கச்சேரிதான், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நடைதான், வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அவர் பொய் வாசிக்கிறாரோ என்று நான் எழுந்து போய்ப் பார்த்தேன். என் கடிதத்தைப் பார்த்த அதே திரையில் உங்கள் கடிதத்தையும் பார்த்தேன்.

இத்தனை நாள் அவர்கள் மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைத் தாங்குவது சுலபமாக இருந்தது.

அறிக்கை 'நம் துறையின் தாய் அவர்களின் அறிவுரைப்படி' என்று தொடங்குகிறது. புகாருக்கு ஆதாரமில்லை என்று முடிகிறது. நடுவில் உள்ளவற்றை நீங்கள் படிக்க வேண்டாம்.

உங்கள் மையத்தின் திறப்பு விழாவுக்கும் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். காணொளித் திரை முழுக்க உங்கள் முகம். மெலிந்திருக்கிறீர்கள். தோணித்துறைக்காரியைப் பற்றி எப்போதும் போல அழகாகப் பேசினீர்கள். அந்தக் கூலிப்பெண்ணைப் பற்றி எப்போது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நடுவில் இரண்டு முறை ஒலி அறுந்தது. அந்த இடத்தில் சொல்லியிருப்பீர்களோ என்று பக்கத்தில் இருந்தவரிடம்கூடக் கேட்டேன். இல்லை என்றார். உங்கள் உரை முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு மறுநாள் கடைக்குட்டியை அவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துக்கொண்டார். மேசையில் அவளுடைய இயல்கள், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. "நான் எதையும் மனசுல வச்சுக்கல. 'சாரி அண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இங்கயே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். சாரி மட்டும் எந்தக் கப்பலில் வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

பதாகை அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதானே, படிப்பு முக்கியம்" என்றாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். அவள் சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அவள், "மாட்டேன்" என்றாள். கத்தவில்லை. கடையில் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மாமா, "பெரியவங்க முன்னாடி இப்படித்தான் பேசுவியா?" என்று எகிறினார். அவள் பெரியவங்க யாரு என்று தேடுகிற மாதிரி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த இயல்களை அடுக்கித் தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று தொட்டியிலிருந்த கோப்பைகளை யாரும் கழுவவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது எறும்பு ஏறியிருந்தது.

இப்போது கேட்பது எனக்காக இல்லை, துறைக்காகவும் இல்லை. அவளுடைய பதிவு காலாவதியாகாமல் இருக்க ஒரே வழிதான் இருக்கிறது. வேறு நிறுவனத்தில் தகுதியுள்ள ஒருவர் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்தால் அவள் அங்கே மாறிக்கொள்ளலாம். அவளுடைய ஆய்வு அந்தக் காலத்துக் கூலிப்பெண்களின் வாக்குமூலங்களைப் பற்றியது. அந்தக் கிறுக்கலையும் அந்தப் பழைய கச்சேரி மொழியையும் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேசையிலிருந்துதான் அவள் எழுந்து வந்திருக்கிறாள். மற்றவர் நீங்கள்.

கிறுக்கல் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் வேறு பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றாள். "அவங்கதான் அந்தப் பொண்ணையும் புஸ்தகத்துல சேத்தவங்க. அவங்க பேர்ல இவங்க ஆடுற ஆட்டம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது மேடம், இவரு போன்ல அழுததை மட்டும் கேட்டுட்டு அப்படி எழுதிட்டாங்க. நேர்ல போய்ச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்கு இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுவிடும் என்று பயந்தேன். அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை வண்டிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறாள். நண்பகலுக்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வருவதற்கு முன்பே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். இதையும் படம் எடுத்து அனுப்பினீர்களானால் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பாருங்கள்.

அவளுக்குக் கதவைத் திறங்கள். பயணக் களைப்போடு வருவாள். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தயங்கினால், அவள் வாய்க்கு வருகிற எதையாவது சொல்லிக் கூப்பிட விடுங்கள். அவளுடைய இயல்களைப் படியுங்கள். நன்றாக எழுதியிருக்கிறாள், நானே இரண்டு இடத்தில்தான் கோடு போட்டேன்.

நான் உங்களுக்கு எழுதிய கடிதம் அவர் கைக்கு எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. தபாலுக்குக் கொடுத்தபோது அலுவலகத்தில் யாரோ பிரித்துப் படம் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

கையெழுத்துப் போடுவீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பியது நீங்கள்தான் என்பதைப் போட்ட பிறகு சொல்லாதீர்கள், மேடம். முதலில் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் கையெழுத்தும் வேண்டாம் என்று அவள் எழுந்து போக நினைத்தால், போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்தவள்